வளைவில் மணல் எங்கே அரிக்கும்?

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் திரவத்தோடு கொஞ்சம் மணலும் சேர்ந்தே வரும். நேர்க்குழாயில் அது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. எல்போ என்கிற குழாய் வளைவில்தான் வம்பு. குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, சாதாரண எஃகு அதைவிட மெத்து. மோதும் ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைப் போட்டுவிட்டுப் போகிறது. கோடிக்கணக்கில் மோதினால் ஒருநாள் சுவர் ஓட்டையாகிவிடும். அது எந்த இடத்தில், எவ்வளவு காலத்தில் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

குழாயில் ஓடுவது வாயுவாக இருந்தால் கணக்கு ஓரளவு சுலபம். வாயுவால் மணலைத் திருப்ப முடியாது. துகள் வந்த திசையிலேயே போய் வளைவின் வெளிச்சுவரில் முட்டும். திரவம் அப்படி விடாது, மணலையும் இழுத்துக்கொண்டுதான் திரும்பும். எவ்வளவு இழுக்கும்? 150 மைக்ரான் மணல் துகளுக்குத் தண்ணீரில் தன் போக்கை மாற்றிக்கொள்ளச் சுமார் 3 மில்லி விநாடி போதும். 10 செ.மீ. விட்டக் குழாயில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், விட்டத்தின் அளவு தூரத்தைக் கடக்கவே 20 மில்லி விநாடி ஆகும். ஆக, துகளுக்குத் திரும்ப நேரம் தாராளமாக இருக்கிறது. இந்த இரண்டு நேரங்களின் விகிதத்தைத்தான் ஸ்டோக்ஸ் எண் என்கிறார்கள். இங்கே அது சுமார் 0.17. ஒன்றைவிட நன்றாகக் குறைந்தால் துகள் திரவத்தோடு போகும். நன்றாகக் கூடினால் சுவரோடு மோதும்.

அப்படியென்றால் திரவத்தில் கவலையே இல்லையா? அதுதான் இல்லை. 1960-இல் ஃபின்னி என்பவர் துகள் உலோகத்தை எப்படிச் செதுக்குகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். எஃகு போன்ற இழுபடும் உலோகத்தில் நேருக்கு நேர் மோதலைவிட, 15 முதல் 30 பாகை வரையிலான சாய்வான மோதல்தான் அதிகமாகச் செதுக்கும். திரவத்தில் வரும் மணலோ பெரும்பாலும் சாய்வாகத்தான் உரசும். போதாக்குறைக்கு, அரிப்பு, துகள் மோதும் வேகத்தின் 2 முதல் 3 வரையிலான அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. அடுக்கு 2.5 என்று வைத்துக்கொண்டால், மோதும் வேகம் இரட்டித்தாலே அரிப்பு ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடும்.

அப்புறம், வளைவுக்குள் திரவம் நேராகவும் ஓடுவதில்லை. நடுவில் வேகமாக வரும் திரவம் வெளிப்பக்கம் தள்ளப்படும். சுவரை ஒட்டிய மந்தமான திரவம் இரு பக்கமும் வழிந்து உட்பக்கம் வரும். இப்படி உருவாகும் இரட்டைச் சுழலை 1927-இல் டீன் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆற்று வளைவில் வெளிக்கரை கரைந்து உட்கரையில் மணல் சேர்வதும் இதே மாதிரிச் சுழலால்தான். சின்னத் துகள்கள் இதில் மாட்டினால் பக்கச் சுவரையும் உட்சுவரையும்கூட உரசலாம். அதனால் திரவக் குழாயில் அதிகம் தேயும் இடம் வளைவின் நடுவில் இல்லாமல், முடிவுப் பகுதிக்கோ அதைத் தாண்டியோ நகர்ந்துவிடுவது உண்டு.

கணினியில் இதைக் கணிக்க முதலில் திரவ ஓட்டத்தைத் தீர்ப்பார்கள். பிறகு ஆயிரக்கணக்கான துகள்களை அதில் விட்டு ஒவ்வொன்றையும் பின்தொடர்வார்கள். கடைசியில் மோதும் வேகத்தையும் கோணத்தையும் அரிப்புச் சமன்பாட்டில் போடுவார்கள். கேட்க எளிதுதான். தகராறு சுவருக்குக் கடைசி ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது. கொந்தளிப்பான ஓட்டத்தைக் கணக்கிட வழக்கமாகப் பயன்படும் மாதிரிகள், ஓட்டத்தின் அலைபாய்தல் எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் சுவரை நெருங்க நெருங்க, சுவரை நோக்கிய அலைபாய்தல்தான் முதலில் அடங்குகிறது. இதைக் கவனிக்காவிட்டால் நடக்காத மோதல்களைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். சின்னத் துகள்களுக்கு அரிப்பு மிகையாக வரும். இன்னொன்று, மோதுவதற்கு முன் துகளுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கும் மெல்லிய திரவப்படலம் துகளின் வேகத்தைக் குறைக்கிறது. பல எளிய கணக்குகள் அதைச் சேர்ப்பதே இல்லை.

எண்ணெய்த் துறையில் பலகாலமாகப் புழங்கும் ஏபிஐ 14இ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் பரிந்துரை) சூத்திரம் இந்த வம்புக்கே போகாது: ஒரு மாறிலியைத் திரவ அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்து, வேக வரம்பைச் சொல்லிவிடும். மணலின் அளவோ குழாயின் வளைவோ அதில் கிடையாது. அடர்த்தி கூடினால் வேகத்தைக் குறை என்கிறது; ஆனால் மணல் விஷயத்தில் அடர்ந்த திரவம் மோதலைத் தணிக்கத்தான் செய்யும். இதை வைத்து மணல் அரிப்பைக் கணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிமுலேஷன் சொல்லும் எண்ணைவிட, அது காட்டும் இடத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன். மீயொலித் தடிமன் மானியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அதுவே பெரிய உதவி. ஆனால் அந்த இடமும் நிலையானதல்ல. சுவர் குழிவிழ ஆரம்பித்ததும் ஓட்டம் மாறும், மோதும் கோணமும் மாறும். அதனால் நீண்டகாலக் கணிப்புக்கு, தேய்ந்த வடிவத்தை அவ்வப்போது கணினியில் புதுப்பித்து மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது.