ரேம் எழும்புவதற்கு முன்னால்

போன கோடையில் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். வைஃபை மந்தமாக இருக்கிறதே என்று கார்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினேன். பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு செய்தி: அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு, கழற்றிவிட்டு மறுபடி தொடங்கவும். அதற்கு மேல் நகரவே இல்லை.

கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். "அது பயாஸ்லயே பூட்டி வெச்சிருக்காங்க. பழசையே போட்டுக்குங்க" என்றார். சரி, ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எது இருக்கலாம் என்று முடிவுசெய்யும் இந்த ஆள் யார்? விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை.

அந்த ஆள் குடியிருப்பது மதர்போர்டில் எட்டுக் கால் ஊன்றி உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபிளாஷ் சிப்பில். சுண்டுவிரல் நகம் அளவுதான். 8 அல்லது 16 எம்பி பிடிக்கும். அதில் இருக்கும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். பழைய பெயர் பயாஸ், இப்போதைய வடிவம் யூஇஎஃப்ஐ. மின்சாரம் வந்ததும் இன்டெல் வகை ப்ராசசர் யோசிக்காமல் ஒரே முகவரிக்குப் போகும்: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. அந்த இடம் ஃபிளாஷ் சிப்பின் கடைக்கோடி. 16 பைட்டில் என்ன எழுதிவிட முடியும்? "இன்ன இடத்துக்குத் தாவு" என்று ஒரு கட்டளை. அது போதும். இன்னொரு கூத்து, எவ்வளவு புது ப்ராசசர் என்றாலும் அந்தக் கணத்தில் 1978-இல் வந்த 8086 மாதிரி 16 பிட்டில்தான் கண் விழிக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். 8 ஜிபி ரேம் செருகியிருக்கிறது, ஆனால் ஒரு பைட்டைக்கூட அதில் வைக்க முடியாது. ரேமை எழுப்ப ஒரு நிரல் ஓடியாக வேண்டும்; சி மொழியில் எழுதிய நிரல் ஓட ரேம் வேண்டும். சாயங்காலம் தட்டுவடை செட் போடுகிறவர் பலகை விரிப்பதற்கு முன் கையில் உள்ளதை எங்கே வைப்பார்? மடியில்தான். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ்தான் இங்கே மடி. ரேமில் இருப்பதன் நகலை வைத்துக்கொள்வதுதான் கேஷின் வழக்கமான வேலை. வெளியே எதையும் எழுதாதபடி அதைக் கட்டிப்போட்டுவிட்டால், சில நூறு கேபி தற்காலிக ரேமாக அதுவே உதவும். இந்த உத்தி கைகூடுவதற்கு முன், எரிக் பீடர்மன் என்பவர் ரேமே கேட்காத, ப்ராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற குட்டிப் பெட்டிகளை மட்டும் வைத்துச் சமாளிக்கிற ஒரு சி கம்பைலரையே (சி நிரலை ப்ராசசரின் மொழிக்கு மாற்றித் தருவது) எழுதினார். வேறு யாருக்கும் அப்படி ஒரு தேவை வந்திருக்காது.

அடுத்து ரேமைப் பழக்க வேண்டும். 1600 வேக டிடிஆர்3 ரேமில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 625 பிகோ விநாடி; ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 625 பங்கு. அதற்குள் வெளிச்சம்கூட ஒரு சாண் தூரம் போகாது. போர்டின் செம்புக் கோட்டில் போகும் சிக்னல் ஏறத்தாழ அதில் பாதிதான். ரேமில் உள்ள சிப்புகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும் கடிகார சிக்னலை ஏற்காடு பஸ் என்றும், ஒவ்வொரு சிப்புக்கும் போய்ச்சேர வேண்டிய தரவை வழியில் ஏறும் பயணிகள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் கிளம்பும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே நேரத்திலா தாண்டும்? மூன்றாவது வளைவில் ஏறுபவருக்கு ஒரு நேரம், பதினெட்டாவதில் ஏறுபவருக்கு ஒரு நேரம். எல்லோரும் ஒரே மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் பாதிப் பேர் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். ஆகவே ஃபர்ம்வேர் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக நேரம் பார்க்கிறது. தெரிந்த எண்களை எழுதும், திரும்பப் படிக்கும், தாமதத்தை ஒரு படி நகர்த்தும், மறுபடி படிக்கும். எங்கே சரியாக வரத் தொடங்குகிறது, எங்கே மறுபடி பிசகுகிறது என்று குறித்துக்கொண்டு நடுவில் நிற்கும். கிடைத்த விடையைப் பெரும்பாலும் ஃபிளாஷிலேயே சேமித்து வைக்கும். ரேம் மாற்றிய அன்று மட்டும் திரை வழக்கத்தைவிட நேரம் கழித்து வருவது இதனால்தான். பயந்துபோய் நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

இவ்வளவையும் திறந்த மூலமாக, அதாவது யாரும் படித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி எழுதலாம் என்று 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிக் தொடங்கிய திட்டம் லினக்ஸ்பயாஸ். 2008-இல் அதன் பெயர் கோர்பூட் ஆனது. வன்பொருளை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அதன் கொள்கை. இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் மீதி வேலையை சீபயாஸ், கிரப் மாதிரி வேறொரு நிரலிடம் ஒப்படைத்துவிடும். குரோம்புக்குகளில் ஓடுவதும் கோர்பூட்தான்.

முழுச் சுதந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். புதிய இன்டெல் சிப்புகளில் ரேமை எழுப்பும் பகுதியை இன்டெல் மூடிய கோப்பாகத்தான் தருகிறது. என் மடிக்கணினி 2012 தலைமுறை. அதன் ரேம் வேலையைத் தன்னார்வலர்கள் அலசிப் பார்த்துத் திறந்த நிரலாகவே எழுதிவிட்டார்கள். ஆனால் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற இன்டெல்லின் குட்டிக் கணினி ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் நிரலை முழுதாக அழித்தால் 30 நிமிடத்தில் கணினி தானே அணைந்துவிடும். வெட்டிச் சுருக்கலாம், ஒழிக்க முடியாது. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

இருந்தாலும், வைஃபை கார்டைப் பூட்டிவைத்த பழைய ஃபர்ம்வேருக்குப் பதில் கோர்பூட்டையே போட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமரின் (ஃபிளாஷ் சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) கிளிப்பை அந்தச் சிப்பில் கவ்வ வைத்தேன். பழைய ஃபர்ம்வேரை இரண்டு முறை படித்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு நகலும் ஒத்துப்போகவில்லை. கிளிப் சரியாக உட்காரவில்லை. அப்படியே எழுதியிருந்தால் மடிக்கணினி எதற்கும் உதவாத செங்கல்லாகியிருக்கும். துடைத்து, அழுத்தி, மூன்றாவதும் நான்காவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்த பிறகுதான் கோர்பூட்டை எழுதினேன். பட்டனை அழுத்தினேன். சில விநாடிகளில் கிரப் வந்தது, அப்புறம் லினக்ஸ் வந்தது. புது வைஃபை கார்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.