விழா நாளில் குழந்தை யார் பொறுப்பில்?

சிறிய தனியார் பள்ளி என்றால் அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எந்தக் குழந்தையைக் கூட்டிப்போக அம்மா வருவார், எந்தக் குழந்தைக்குத் தாத்தா வருவார் என்பது வாசல் காவலருக்கு மனப்பாடம். தலைமையாசிரியருக்குப் பிள்ளைகளை வீட்டில் கூப்பிடும் பெயர்கூடத் தெரிந்திருக்கும். குழந்தைகள் நல மருத்துவராக இப்படிப்பட்ட பள்ளிகளின் முகாம்களுக்கும் விழாக்களுக்கும் நெடுநாளாகப் போய்வருகிறேன். பெரிய வளாகங்களில் காண முடியாத நெருக்கம் இங்கே உண்டு.

ஆனால் இந்தப் பள்ளிகளிலிருந்து அவசரமாகத் தூக்கிக்கொண்டு வரப்படும் பிள்ளைகள், சாதாரண வகுப்பு நாளில் வருவது குறைவு. விளையாட்டு விழா, ஆண்டு விழா, அவற்றுக்கான ஒத்திகை, சுற்றுலா என்று பள்ளி கலகலப்பாக இருக்கும் நாட்களில்தான் அதிகம் வருகிறார்கள். காரணம் பெரிய ரகசியம் இல்லை. வகுப்பு நடக்கும்போது எந்தப் பிள்ளை யார் கண்பார்வையில் இருக்கிறது என்பது தெளிவு. விழா அன்று அது கலைந்துவிடும். வகுப்பாசிரியர் மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிட்டுக்கொண்டிருப்பார், விளையாட்டு ஆசிரியர் மைக்கோடு போராடிக்கொண்டிருப்பார், பெற்றோர் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். எல்லாரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். அதனாலேயே ஒருவரும் கவனிப்பதில்லை.

இதை உளவியலில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஒலிபெருக்கி வழியாக ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல மாணவர்களைக் கேட்கவைத்தார்கள். அதைக் கேட்பது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்கு முன்பே உதவிக்கு எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தது 31 சதவீதம் பேர்தான். எழாதவர்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நம்பியவர்கள்.

பள்ளி விழாவில் இதே நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நடனம் முடிகிறது. ஒரே மாதிரி உடையும் ஒப்பனையும் போட்ட சின்னப் பிள்ளைகள் படியிறங்கி வருகிறார்கள். அம்மா வந்து கூட்டிப்போயிருப்பார் என்று டீச்சர் நினைக்கிறார். பிள்ளை இன்னும் டீச்சரிடம்தான் இருக்கிறது என்று அம்மா நினைக்கிறார். அப்பா சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார். பத்து நிமிடம் அந்தக் குழந்தை யாருடைய கணக்கிலும் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நண்பனோடு மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் திறந்து கிடக்கும் வாசல், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், விருந்தினர் வண்டிகள் பின்னால் எடுக்கும் இடம் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். மேடையிலிருந்து இறங்கும் குழந்தையை யார் வாங்குகிறார், யார் கையில் கொடுக்கிறார், எங்கே குறித்துக்கொள்கிறார் என்பதைச் சில பள்ளிகள் மட்டுமே முன்கூட்டி முடிவு செய்கின்றன. முகம் தெரிந்தவர்தானே என்று கேட்டவரிடமெல்லாம் பிள்ளையை ஒப்படைப்பது சிறிய பள்ளிகளின் பழக்கம். அன்று ஒரு நாளாவது அதை நிறுத்த வேண்டும்.

ஒத்திகைக்கு வருகிறேன். விழாவைவிட ஒத்திகைதான் எனக்குக் கவலை. விழா பெரும்பாலும் மாலையில் நடக்கும், எல்லாரும் உஷாராக இருப்பார்கள். ஒத்திகை உச்சி வெயிலில், வாரக்கணக்கில், பெற்றோர் யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. அணிவகுப்புக்காக நிற்கும் பிள்ளை மயங்கி விழுந்தது என்று வருவார்கள். நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினாலே பிள்ளை கண் திறந்துவிடும். அதற்குள் நான்கு பேர் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள், தண்ணீரையும் வாயில் ஊற்றியிருப்பார்கள். இரண்டுமே கூடாது.

ஒத்திகையில் மயங்கி வந்த ஒரு சிறுமியின் தாய், “காலையில நல்லாத்தான் இருந்தா டாக்டர்” என்றார். காலையிலிருந்து தண்ணீர் குடித்தாயா என்று அவளைக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு மெதுவாகச் சொன்னாள்: “குடிச்சா பாத்ரூம் வரும். டிரெஸ்ஸக் கழட்டணும். மிஸ் திட்டுவாங்க.” இறுக்கமாக ஊக்கு குத்திய செயற்கை நூல் உடை, அதற்குமேல் ஜரிகை. பெரியவர்கள் யாரும் அவளைத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லவில்லை. உடையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அது தோன்றியிருக்காது. அதன் பிறகு நான் பள்ளிகளில் உடையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, இதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை தானாகவே கழிப்பறைக்குப் போய்வர முடியுமா என்பதுதான். முடியாது என்றால் அந்த உடை அழகாக இருந்தும் பயனில்லை.

வெயிலில் ஆடி ஓடும் 9 முதல் 12 வயதுப் பிள்ளை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிவரை தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விசில் அடித்து எல்லாரையும் ஒன்றாகக் குடிக்கவைப்பதுதான் சுலபம். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். விடுமுறை முடிந்து வந்த இரண்டாம் நாளே நீண்ட பயிற்சி வைத்தால் உடம்பு தாங்காது. முதல் வாரம் குறைத்து வையுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் எல்லா ஆசிரியர்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் இருந்த பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ, உடல் நெருப்பாகச் சுட்டாலோ அது சாதாரண மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு. உள் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வண்டி வரட்டும் என்று நிற்காமல் அங்கேயே குளிரவைக்கத் தொடங்குங்கள். பெரிய தொட்டியோ டப்போ இருந்தால் தலை வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் இறக்கலாம். இல்லாவிட்டால் உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்வது ஒருவர் வேலை, தண்ணீர் ஊற்றுவது இன்னொருவர் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. சிறிய பள்ளிகளில் பெற்றோர் ஆளுக்கு ஒன்றாகச் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளும் நாள் ஒன்று கட்டாயம் இருக்கும். எனக்கும் பிடித்த நிகழ்ச்சிதான். சிக்கல், அந்த உணவு காலையில் சமைத்து மதியம்வரை மேஜையில் காத்திருப்பது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது: சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. பலர் மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டுக்கு அழியாது. கிருமி செத்தாலும் நஞ்சு இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். மேஜைக்கு வந்த நேரத்தைப் பாத்திரத்தின்மேல் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

உணவு ஒவ்வாமை இதைவிடத் தீவிரமானது. வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால், கோதுமை, சோயா, எள் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை இருப்பது அதன் வகுப்பாசிரியருக்கு நன்றாகத் தெரியும். விழா அன்று தட்டில் பரிமாறுவது வேறு வகுப்புக் குழந்தையின் பெரியம்மா. அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அன்று உணவு யார் கையால் என்பது ஒரே ஒருவராக இருக்க வேண்டும். உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு வந்து, மூச்சு இழுத்தாலோ குரல் மாறினாலோ, ஒவ்வாமைக்கான சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசி பிள்ளைக்கு இருந்தால் உடனே போடுங்கள். நடக்கவைக்காதீர்கள், படுக்கவையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார்ந்திருக்கட்டும். ஊசி போட்ட பிறகும் மருத்துவமனை போயாக வேண்டும், சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரும்.

ஊசியும் ஆஸ்துமா பம்ப்பும் எங்கே இருக்கும்? அலுவலக அலமாரியில். அலமாரிச் சாவி யாரிடம்? முதல்வரிடம். முதல்வர் எங்கே? மேடையில், சிறப்பு விருந்தினர் பக்கத்தில்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சத்தமாக இருந்தால்தான் விழா என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கணக்குப் போட்டால் ஒரு வாரம் முழுவதற்கும் பத்து நிமிடம்கூட மிஞ்சாது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் முன்னால் தரையில் உட்காரவைக்கப்படுவது யார்? மழலை வகுப்புக் குழந்தைகள், உயரம் குறைவு என்பதால். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பெட்டியை உயர்த்தி, குழந்தைகளைப் பின்னுக்குத் தள்ளுவதற்குப் பணம் எதுவும் செலவாகாது. ஒலி அமைப்பாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

பந்தல், மின் இணைப்பு, வாடகை விளையாட்டுப் பொருட்கள் என் துறை இல்லை. இருந்தாலும் இரண்டு நிகழ்வுகளைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் தப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவில் பந்தல் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டிறுதிக் கொண்டாட்டத்தில் பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாடும் காற்றடைத்த குதிகோட்டையைத் திடீர்க் காற்று தூக்கியது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். வெளியேறும் வழிகளில் நாற்காலி அடுக்காமல் பார்த்துக்கொள்ளவும், காற்று பலமாக வீசினால் குதிகோட்டையிலிருந்து பிள்ளைகளை இறக்கவும் யாராவது ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். நடனத்துக்குத் தரும் மின்விளக்கு மெழுகுவர்த்திகளில் பொத்தான் பேட்டரி இருக்கும், அதையும் கவனியுங்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

மேடையேற மறுக்கும் குழந்தை வேறு விஷயம். “எங்க பள்ளியில ஒரு பிள்ளையும் விடாம எல்லாரும் மேடையேறுவாங்க” என்பது சிறிய பள்ளிகளின் பெருமை. நல்ல எண்ணம்தான். ஆனால் விழா வாரத்தில் தினமும் காலையில் மட்டும் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, ஆனால் வலி நிஜம். வீட்டில் வாய் ஓயாமல் பேசிப் பள்ளியில் ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளைகளும் உண்டு. திமிர் இல்லை, பதற்றத்தால் வரும் நிலை அது. மேடையில் தள்ளிவிட்டால் பழகிவிடும் என்று நினைப்பது தவறு. திரை இழுப்பது, மணி அடிப்பது, பொருட்களை எடுத்துக்கொடுப்பது என்று ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தைக்கு வழிக்கு அருகில் ஓர் இருக்கை, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் அறை, காதுக்கு ஒரு மூடி. சிறிய பள்ளியில் இவ்வளவும் செய்ய முடியும்.

பள்ளிகளிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். வாசலில் யார், மேடையிலிருந்து இறங்கும் பிள்ளைகளை வாங்குவது யார், மருந்துப் பையும் சாவியும் யாரிடம், தண்ணீர் நேரத்துக்கு விசில் யார், மின்சாரத்தை நிறுத்த யாருக்குத் தெரியும், ஆம்புலன்ஸுக்கு வாசலில் நின்று வழிகாட்டுவது யார், நெஞ்சழுத்தம் (இதயம் நின்றால் மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவி) செய்யத் தெரிந்த இரண்டு பேர் யார். ‘ஆசிரியர்கள்’ என்றோ ‘தன்னார்வப் பெற்றோர்’ என்றோ எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், அவர் சாப்பிடப் போனால் மாற்றுக்கு இன்னொரு பெயர். நெஞ்சழுத்தத்தை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பள்ளிப் பிள்ளைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் என்பது கைக்குப் பழக வேண்டும். இதயம் நின்ற பிறகு ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம்வரை குறைக்கிறது.

இதையெல்லாம் கேட்டால் குறை சொல்லும் பெற்றோர் என்று பெயர் வாங்குவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். “டீச்சர், அன்னைக்கு மருந்துப் பை யார்கிட்ட இருக்கும்?” என்று கேளுங்கள், போதும். “மருந்துப் பையை நான் பார்த்துக்கிறேன்” என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

விழா முடிந்த மறுநாள் பிள்ளை அசந்து தூங்குவது இயல்பு. தொடர்ந்து வாந்தி, காபி நிறத்தில் சிறுநீர், நிற்க முடியாத தலைசுற்றல், ஒப்பனை போட்ட இடத்தில் வீக்கம், கண் சிவந்து பீளை தள்ளுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே காட்டுங்கள். காதில் ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரிடம் போங்கள்.