கழுத்தில் போட்ட குழாய் இதயத்தைத் தொட்டால்

குடல் ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மா. இரண்டாம் நாள் காலை ஐசியுவில் திடீரென்று பிரஷர் 70க்கு இறங்கிவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றே எல்லோரும் நினைத்தோம். சலைனை வேகமாக ஓடவிட்டோம். பிரஷர் இன்னும் இறங்கியது. எக்கோ பார்த்தால், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர். கழுத்தில் போட்டிருந்த சென்ட்ரல் லைனின் (கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் அருகே வரை விடும் மருந்துக் குழாய்) நுனி இதயச் சுவரை அரித்துத் துளைத்திருந்தது. நாங்கள் ஓடவிட்ட சலைன்தான் இதயத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

ட்ரிப்பை நிறுத்தி, அதே குழாய் வழியாகவே நீரை உறிஞ்சி எடுத்தோம். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, சென்ட்ரல் லைன் போட்டவருக்கு காரணம் புரியாமல் பிரஷர் இறங்கினால், எனக்கு முதலில் அந்த நுனிதான் நினைவுக்கு வருகிறது.

நுனி இருக்க வேண்டிய இடம் இதயத்துக்கு மேலே உள்ள பெரிய சிரை. எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் மட்டத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இடதுபக்கக் கழுத்தில் போட்டால் நுனி சிரையின் சுவரில் முட்டி நிற்க வாய்ப்பு அதிகம். குழாய் போடும்போது உள்ளே விடும் கைடு வயரையும் கவனிக்க வேண்டும். அது ஆழமாகப் போனால் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகும்; அந்த நொடியே பின்னால் இழுக்க வேண்டும். இளம் மருத்துவர்கள் ஊசியையே பார்த்துக்கொண்டு மானிட்டரை மறந்துவிடுகிறார்கள்.

இதயத்துக்குள்ளும் நுரையீரல் தமனியிலும் அழுத்தத்தை அளக்க, இதயத்தின் வழியாக நுரையீரல் தமனி வரை போகும் ஸ்வான்-கான்ஸ் குழாயில் ஆபத்து இன்னும் கூடுதல். 1970இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து வந்த அந்தக் குழாய் பல வருடங்கள் கொடிகட்டிப் பறந்தது. 2003இல் வெளியான கனடா ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,994 முதிய அறுவை நோயாளிகளிடம் சோதித்தபோது, உயிர்பிழைப்பில் பலன் தெரியவில்லை. குழாய் உரசினால் இதயத்தின் வலது மின்பாதை தற்காலிகமாக அடைபடலாம். இடது பாதை ஏற்கெனவே அடைபட்டிருப்பவருக்கு அப்போது துடிப்பே நின்றுபோகலாம்.

அதனால், பழைய ஈசிஜியில் ‘எல்பிபிபி’ (LBBB, அந்த இடது மின்பாதை அடைப்பு) என்று எழுதியிருந்தால் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, “இந்த லைன் இன்னும் தேவையா டாக்டர்?” என்று தினமும் கேளுங்கள். என்னிடம் கேட்டால் கோபப்பட மாட்டேன்.