வாட்டம் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்

சின்ன ரேஸ் கார்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். ஒற்றை இருக்கை, மூடி இல்லாத சக்கரங்கள், ஓட்டுநர் இறங்கிவிட்டால் 450 கிலோ சொச்சம் எடை. இந்த வண்டிகளால் ஆட்களுக்கு அடிபட்டு நான் கண்ணால் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் டிராக்கில் இல்லை. எஞ்சின் அணைந்திருக்கும்போது, கராஜுக்குள், இரண்டு பேர் சேர்ந்து வண்டியை ஒரு முழம் நகர்த்தும்போதுதான். டிராக்கில் ஹெல்மெட் உண்டு, பெல்ட் உண்டு, தீயணைக்க ஆள் உண்டு. கராஜில் சுவருக்கும் டயருக்கும் நடுவே நாம் மட்டும் நிற்கிறோம்.

இடமே அப்படித்தான் அமைகிறது. கராஜின் அகலம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அகலம் 1.7 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம், ஒதுங்க முடியாது. வீட்டுக் காரைப் போல ஸ்டியரிங்கை ஒடித்து உள்ளே திருப்பலாம் என்றால் ரேஸ் காரின் முன்சக்கரம் அவ்வளவு திரும்பாது. ஹேண்ட்பிரேக் இருக்காது. சிலவற்றில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே 4, 5 சென்டிமீட்டர்தான் இடைவெளி, சாதாரண ஜாக்கி நுழையாது. அதனால் எல்லோரும் டாலிக்கு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எந்தப் பக்கமும் சுழலும் சின்ன உருளைகள் வைத்த ஒரு தட்டு. வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுவரோரம் ஒட்டி நிறுத்திவிடலாம். நானும் டாலிதான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை எப்போது வெளியே எடுத்தாலும் ஒரு நாள் நினைவுக்கு வரும்.

ஒருவருடைய கராஜில் வண்டி நான்கு டாலி மேல் நின்றது. மூக்குப் பக்கம் கதவைப் பார்த்திருந்தது, அதற்கு முன்னால் ஒரு சைக்கிள். வேலைக்கு இடம் வேண்டும் என்று என் உதவியாளரிடம் சைக்கிளை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். வண்டி சத்தமே இல்லாமல் கதவை நோக்கிக் கிளம்பியது. அதுவரை வண்டியைப் பிடித்து வைத்திருந்தது அந்தச் சைக்கிள்தான். "அண்ணே, நகருது" என்றபடி அவன் முன்னால் போய்க் காலை ஊன்றித் தடுத்தான். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வண்டி நடைவேகத்தில் பாதிகூட வரவில்லை, ஆனாலும் அவனைத் தள்ளிக்கொண்டே போய்க் கதவு நிலையோடு சேர்த்து முழங்காலை அழுத்தியது. ஆறு வாரம் கட்டோடு கிடந்தான். சைக்கிளைத் தொடுவதற்கு முன் குனிந்து டாலியைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். என் கடமை அது.

கராஜ் தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள், தண்ணீர் வெளியே வடிய வேண்டும் என்பதற்காக. 5 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஐம்பதுக்கு ஒன்று என்கிற அந்த வாட்டத்தில் 450 கிலோ வண்டியை 9 கிலோ கனத்துக்குச் சமமான விசை கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. காற்று குறைந்த டயரின் மேல் நிற்கும்வரை டயரின் நசுங்கலே அந்த இழுப்பைத் தாங்கிவிடலாம். வழவழப்பான தரையில் நல்ல உருளை மேல் ஏற்றிவிட்டால் தாங்க எதுவும் இல்லை. டாலியில் ஏறிய வண்டிக்குப் பிரேக்கும் இல்லை, கியரில் போட்டு வைப்பதற்கும் அர்த்தமில்லை. சக்கரம் சுழலாமலே வண்டி போகும்.

அதனால் நான் முதலில் செய்வது, கராஜ் தரையில் நான்கைந்து இடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுங்கள், அது போகும் பக்கம்தான் வண்டியும் போகும். அந்தப் பக்கம் ஆள் நிற்கவே கூடாது. நகர்த்த இரண்டு பேர் என்றால் ஒருவர் தள்ளட்டும். மற்றவர் கையில் வண்டி ஓடாமல் அடை கொடுக்கும் கட்டை இருக்கட்டும், அவருக்கு வேறு வேலை வேண்டாம். கட்டையைக் கையால் திணிக்கக் கூடாது. ஒரு மீட்டர் நீளக் கம்பு அடித்து வைத்துக்கொண்டால் நின்றபடியே போடலாம், எடுக்கலாம். வண்டி இடத்துக்கு வந்ததும் டாலியின் உருளைகளுக்குப் பூட்டு இருந்தால் போடுங்கள், அதோடு சுவரில் பதித்த வளையத்திலிருந்து வண்டியின் சட்டமான சேஸிஸுக்கு ஒரு பட்டையும் கட்டிவிடுங்கள். தள்ளுவதற்கு முன் தரையைப் பெருக்கியே ஆக வேண்டும். ஒரு 8 மில்லிமீட்டர் நட்டு போதும், சின்ன உருளை அதில் மாட்டி டாலி சட்டென்று நிற்கும், வண்டி டாலியைவிட்டு இறங்கும்.

வாட்டம் அதிகமானால் டாலியே வேண்டாம். உள்சுவரில் கை வின்ச், அதாவது கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளை, பொருத்தி, வண்டியின் இழுவை வளையத்தில் மாட்டி, சக்கரத்தின் மேலேயே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். கயிறு இறுகியிருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். இரும்புக் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும்.

எங்கே பிடித்துத் தள்ளுவது என்பதில்தான் விரல்கள் போகின்றன. டயரின் தலையைப் பிடித்து உருட்டினால் பாதி பலம் போதும். சக்கரத்தின் உச்சி வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் நகர்வதால் கிடைக்கும் அனுகூலம் அது. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் உருட்டுவோம். அதே உச்சிதான் உங்கள் கையை இரண்டு மடங்கு வேகத்தில் கீழே கொண்டுபோகிறது. உள்ளங்கையால் டயரின் ரப்பரை மட்டும் தள்ளி, உடனே எடுத்து மறுபடி வையுங்கள். ரிம்மின் ஆரங்களுக்குள் விரலை விட்டுவிட்டால், உள்ளே அசையாமல் நிற்கும் காலிப்பர் என்கிற பிரேக் பிடிக்கும் சுழலும் ஆரத்துக்கும் நடுவே அது கத்தரியில் சிக்கிய மாதிரி ஆகிவிடும். ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக் குழாயான ரோல் பார் நல்ல பிடி. விங், மூக்கு இரண்டும் பிடியே இல்லை. நெரிசலான கராஜில் அவற்றைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவது நல்லது, கணிசமாக நீளம் மிச்சமாகும், இடுப்பிலும் இடிக்காது.

ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் போக வேண்டும்.

"எதற்கு இத்தனை பாடு, எஞ்சினை ஓட்டியே உள்ளே விட்டுவிடுகிறேன்" என்பவர்களும் உண்டு. குளிர்ந்த ரேஸ் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் கலந்து போகும், பல வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரும் இருக்காது. வெளியே வருவதில் கார்பன் மோனாக்சைடு அதிகம். நிறமில்லை, மணமில்லை. காற்றில் 1 சதவீதம் சேர்ந்தாலே சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். கதவு திறந்திருக்கிறதே என்று நம்பாதீர்கள், எஞ்சின் வெளியே மட்டும் ஓடட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனமானது, அதனால் தரையோடு படிந்து மூலையில் தேங்கும். பேட்டரி சார்ஜரையும் எக்ஸ்டென்ஷன் பலகையையும் தரையில் போடாமல் இடுப்புயரத்துக்கு மேலே மாட்டச் சொல்வது இதனால்தான். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கார்புரேட்டரின் அலுமினியத்தை அரிக்கும்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் டயர் ஒரே இடத்தில் நசுங்கித் தட்டையாகாது. மின்மோட்டார் பக்கத்தில் டயரை அடுக்காதீர்கள், அதன் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால், உறைபனி விழும் ஊர்களில் வடித்தே ஆக வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், எஞ்சின் பிளாக் பிளந்துவிடும். சீட் பெல்ட்டைக் கழற்றி உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வையுங்கள், எடுக்கும்போது அதில் அச்சிட்ட காலாவதி வருடத்தையும் பாருங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும், காற்றோட்டமான துணியே போதும்.

வண்டிக்குள் பொருத்திய தீயணைப்பான் இருந்தால், நகர்த்துவதற்கு முன் அதன் பாதுகாப்பு ஊசி செருகியிருக்கிறதா என்று பாருங்கள். நெரிசலில் முழங்கை பட்டு இழுப்புக் கம்பி நகர்ந்தால் மொத்தமும் காக்பிட்டுக்குள் கொட்டிவிடும். எலி புகாமல் இருக்க சைலன்சர் வாயிலும் காற்று உறிஞ்சும் குழாயிலும் துணி அடைப்பவர்கள், ஊசிக்கும் அந்தத் துணிகளுக்கும் சேர்த்து ஒரு சிவப்பு நாடா கட்டி, அதன் நுனியை ஸ்டியரிங்கில் முடிந்து வையுங்கள். அடுத்த ரேஸுக்கு வண்டியில் ஏறுபவரின் கையில் முதலில் படுவது அந்த நாடாவாக இருக்கட்டும்.