முதலில் செத்தது எது?

ராத்திரி தீனிக்கு முண்டியடித்த மீன், காலையில் தொட்டியின் லைவ் ராக் எனப்படும் கடல்பாறை இடுக்கில் வெளிறிக் கிடக்கிறது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை எடுத்துப் பார்த்தால் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், பி.எச். 8.2, உப்பு ஆயிரத்துக்கு 35. எல்லாம் ஒழுங்கு. மூன்றாம் நாள் இன்னொன்று போகிறது. வீட்டில் பவளத் தொட்டி, அதாவது பவளமும் மீனும் வாழும் கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் எவருக்கும் இப்படியொரு வாரம் வராமல் போகாது.

டெஸ்ட் கிட்டைத் திட்டிப் பயனில்லை. ஐந்தாறு பொருள்களை, நாம் அளந்த அந்த நிமிடத்தில் எவ்வளவு இருந்தன என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இதுபோன்ற நேரத்தில் நான் முதலில் பார்ப்பது வேறு: எது செத்தது, எது பிழைத்திருக்கிறது, எப்போது செத்தது.

மீன்கள் மட்டும் போகின்றன, இறாலும் நத்தையும் பவளமும் தெம்பாக இருக்கின்றன என்றால், என் சந்தேகம் இரண்டின் மேல் விழும். ஒன்று ஆக்சிஜன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும்; நன்னீரைவிடக் குறைவு. பகலில் பவளத் திசுவுக்குள் வாழும் பாசிகள் ஆக்சிஜனைத் தருகின்றன. விளக்கு அணைந்ததும் கொடுப்பவர் யாருமில்லை, எல்லோரும் வாங்குபவர்கள். விளக்கு மறுபடி எரிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜனும் பி.எச்.சும் அடிமட்டத்தில் இருக்கும். நாமோ வேலை முடிந்து வந்து சாயங்காலம் சோதிக்கிறோம். தொட்டி அன்றைக்கு மிக நன்றாக இருக்கும் நேரம் அது. ஓயாமல் நீந்தும் பெரிய டேங் மீன் முதலில் போவதும், சாவு விடியற்காலையில் நடப்பதும் இதற்கு அடையாளம்.

இன்னொன்று வெல்வெட் நோய். அமைலூடினியம் என்ற ஒற்றைச் செல் உயிரி முதலில் செவுளில்தான் குடியேறும். தோலில் தூசி படிந்தாற்போலத் தெரிவதற்குள் மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடலாம். இறாலையும் பவளத்தையும் அது தொடாது. அதனால்தான் தொட்டியைப் பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை.

மாறாக, மீன்கள் நன்றாக இருக்க, இறாலும் நத்தையும் நட்சத்திர மீனும் கவிழ்கின்றனவா? செம்பைத் தேடுங்கள். வேடிக்கை என்னவென்றால், இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். ஆனால் தண்ணீரில் அது கொஞ்சம் கூடினாலும் இறால் தாங்காது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீனுக்குக் கொடுக்கும் செம்பு மருந்து பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கசியும். பழைய தொட்டியைக் கைமாற்றி வாங்கியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். உறை விரிசல் விட்ட மேக்னட்டிலிருந்தும் உலோகம் கசியும். கண்ணாடி துடைக்கும் மேக்னட்டையும், தண்ணீரைச் சுழற்றும் பம்பான பவர்ஹெட்டின் மேக்னட்டையும் கையிலெடுத்து, உறையில் மயிரிழை விரிசலும் பழுப்புக் கறையும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உலோகத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் தண்ணீர் மாற்றமும்தான் மருந்து.

உப்பின் ஏற்ற இறக்கமும் இதே கூட்டத்தைத்தான் அடிக்கும். மீனின் உடல்நீரில் உள்ள உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். செவுளும் சிறுநீரகமும் உழைத்து அதைக் காக்கின்றன. நட்சத்திர மீனுக்கு அந்த வசதி இல்லை. வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறும். அது உடனே சாகாது. சில நாள், சில வாரம் கழித்து நைந்துபோகும். அதற்குள் நாம் காரணத்தையே மறந்திருப்போம்.

எல்லாமே ஒரே நாளில் சாய்ந்தால் அறையில் என்ன தெளித்தீர்கள் என்று யோசியுங்கள். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேக்களில் உள்ள பைரித்ராய்டுகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம்.

புதிதாக வந்த மீன் ஓரிரு நாளில் போவது தனிக் கதை. பயணத்தில் பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்குகிறது. கழிவாக வரும் அம்மோனியா அப்போது அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் நச்சாக மாறும். பி.எச். ஒரு அலகு ஏறினால் நச்சு ஏறக்குறைய பத்து மடங்கு. நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்ப்பது, பாசத்தோடு செவுளைச் சுடுவதுதான். வெப்பத்தைச் சமன்செய்து, உப்பளவு ஒத்திருந்தால், பை நீரை விட்டுவிட்டு மீனை மட்டும் சீக்கிரம் மாற்றிவிடுவேன்.

பிணத்தின் மேல் மொய்க்கும் முள்புழுவைக் கொலைகாரன் என்று பிடித்து எறிவார்கள், பாவம். பெரும்பாலும் அது வெட்டியான் வேலைதான் பார்க்கிறது. ராத்திரி பாறைக்குள்ளிருந்து 'டக்' என்று சத்தம் வந்தால் மட்டும், இரையை அடித்து உடைக்கும் மான்டிஸ் இறாலைச் சந்தேகப்படலாம்.

உடலே கிடைக்காவிட்டால் தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள். மூடியில்லாத தொட்டியிலிருந்து மீன் குதிக்கும். மணலில் கிடக்கும் இறாலைத் தொடுவதற்கு முன்பும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மீசை, கால், கண்வரை எல்லாம் இருந்தும் உள்ளே ஒளி ஊடுருவினால் அது கழற்றிப் போட்ட சட்டை. நான் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் பொதிந்தே விட்டேன். இரண்டு நாள் கழித்து, தீனி போட்ட நேரத்தில், சொந்தக்காரர் பாறைக்கு அடியிலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு வந்தார்.