பிகூவியன் வரி: தமிழில் புறவிளைவு வரி

ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு அவரைச் சேராமல் ஊரார் தலையில் விழுகிறது என்றால், அந்தச் செலவைப் பொருளின் விலையிலேயே ஏற்றிவிடும் வரிக்குப் பிகூவியன் வரி என்று பெயர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் செசில் பிகூ, நலப் பொருளாதாரம் பற்றி 1920-இல் வெளியிட்ட நூலில் இதை விரித்துச் சொன்னார். அவர் பெயரே வரிக்கும் நிலைத்துவிட்டது.

குழந்தைகளைத் துடைக்கும் வெட் வைப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைத் தாள் தண்ணீர் பட்டதும் இழை இழையாகப் பிரிந்துவிடும். வைப்ஸ் ஈரத்தில் கிழியக் கூடாது என்றே பாலியஸ்டர் என்ற பிளாஸ்டிக் இழையாலும், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழையாலும் செய்யப்படுகிறது. கழிப்பறையில் போட்டால் கண்ணுக்கு மறையும். சாக்கடைக் குழாயில் அப்படியே கிடக்கும். சமையலறைக் கொழுப்பு அதில் படிந்து, கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு போல இறுகும். 2017-இல் லண்டன் வைட்சேப்பலில் தெருவுக்கு அடியில் இப்படி அடைத்துக்கொண்ட கட்டியின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். தொழிலாளர்கள் உள்ளே இறங்கி, மண்வெட்டியாலும் உயரழுத்த நீராலும் வாரக்கணக்கில் உடைத்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட செலவு வைப்ஸே வாங்காத வீட்டின் தண்ணீர்க் கட்டணத்திலும் ஏறுகிறது.

அந்தச் செலவை வைப்ஸின் விலையிலேயே ஏற்றுவதுதான் பிகூவியன் வரி. இதைத் தமிழில் ‘தண்ட வரி’ எனலாமா? கூடாது. தண்டம் என்பது தவறு செய்தவரைப் பிடித்து விதிப்பது. பூட்டிய கழிப்பறைக்குள் யார் எதைப் போட்டார் என்று எந்த அதிகாரி பார்ப்பார்? அதனால்தான் கடையிலேயே வசூலிக்க வேண்டியிருக்கிறது. சிகரெட், மதுவுக்கான ‘பாவ வரி’ பெரும்பாலும் நுகர்பவரின் உடல்நலத்தை எண்ணியது; அதுவும் வேறு. பிறர்மேல் விழும் பாதிப்பைப் பொருளாதாரத் தமிழ் ‘புறவிளைவு’ என்கிறது. ஆகவே ‘புறவிளைவு வரி’ என்பதே சரி. ‘உல்கு’ என்ற பழஞ்சொல்லும் பொருந்தாது: குறள் 756 சொல்லும் ‘உல்கு’, அதாவது சுங்கம், அரசனின் பொருள் வரவு. இந்த வரிக்கோ வசூல் குறைவதுதான் வெற்றி. அயர்லாந்து 2002-இல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் விதித்ததும் பயன்பாடு சுமார் 90 விழுக்காடு சரிந்தது.

குறையும் உண்டு: வைப்ஸைக் குப்பைத் தொட்டியில் போடுபவரும் அதே வரியைக் கட்ட வேண்டும். தண்ணீரில் பிரியும் தாளுக்கு விலக்கு அளித்து, பிரியாததற்கு மட்டும் விதித்தால் இந்த அநீதி குறையும். தயாரிப்பாளரும் இழையை மாற்றுவார். பிரிட்டன் பிளாஸ்டிக் கலந்த வைப்ஸைத் தடைசெய்யும் வழியில் போகிறது. ஆனால் விஸ்கோஸ் மட்டுமே கொண்ட வைப்ஸும் குழாயை அடைக்கக் கூடியதுதான். தடை தொடாத அந்த இடத்துக்கு வரி தேவை.