படம் அழகாக இருக்கிறது, பரவல் எங்கே?

2 கி.மீ. நுணுக்கத்தில் தீட்டிய மழை வரைபடம் ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது. மேகக் கூட்டத்தின் விளிம்பு, மழைப் பட்டையின் வளைவு, நடுவில் சிவந்த ஒரு பொட்டு என்று பார்ப்பதற்கு ரேடார் படம் போலவே இருக்கிறது. நீங்கள் அணைப் பொறியாளராக இருக்கலாம், பயிர்க் காப்பீட்டில் வேலை பார்க்கலாம், மாவட்டப் பேரிடர் பிரிவில் இருக்கலாம். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கருவி அளந்ததா, சமன்பாடுகளைத் தீர்த்து வந்ததா, இல்லை பழைய தரவில் பழகிப் புதிதாகப் படம் உருவாக்கும் ஜெனரேட்டிவ் மாடல் வரைந்ததா? கடைசியாகச் சொன்னது என்றால், அந்தச் சிவப்புப் பொட்டு அங்கேதான் விழும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அங்கேயும் விழலாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அறிவியல் தரவுகளை எண்ணியல் முறைகளால் கையாளுவது என் பிழைப்பு. சில வருடங்களாக என்னிடம் சரிபார்க்க வரும் கோப்புகளில் டிஃப்யூஷன் மாடல் போட்ட படங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்தத் தொழில்நுட்பத்தோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. நானும் அன்றாடம் பயன்படுத்துகிறவன்தான். என் கவலையெல்லாம், வாங்குகிறவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதில்லை, கொடுக்கிறவர்களும் கேட்டால்தான் சொல்கிறார்கள் என்பதுதான்.

அடிப்படை யோசனை எளிது. நல்ல படம் ஒன்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அர்த்தமில்லாத புள்ளிக் கூட்டம்தான் மிஞ்சும். அங்கிருந்து திரும்பி வரும் வழியை நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கிவிடுவதே டிஃப்யூஷன் மாடல். 2015-இல் சோல்-டிக்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் வெப்ப இயக்கவியலிலிருந்து இந்த யோசனையை எடுத்தார்கள். 2020-இல் ஜொனாதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் மூவரும் அதை நன்றாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தபோது, ஒரு படத்துக்கு 1000 படிகள் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டு யாங் சாங் குழுவினர், இந்தத் திரும்பி வரும் பயணத்தை ஒரு வகைக்கெழுச் சமன்பாடாகவே எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். அதோடு விஷயம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. வகைக்கெழுச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்ப்பது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் தொடங்கி வைத்த வேலை. எத்தனை படி, எங்கே பெரிய படி, எங்கே சின்னப் படி, எந்த முறை என்ற பழைய கேள்விகளெல்லாம் இங்கேயும் அப்படியே உயிரோடு இருக்கின்றன.

வானிலையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தைவான் வானிலைத் துறையின் தரவை வைத்து என்விடியா ஆய்வாளர்கள் உருவாக்கிய கோர்டிஃப். உலகம் முழுவதற்குமான கடந்த கால வானிலையைக் கட்டம் கட்டமாகத் தொகுத்த ஈஆர்ஏ5 தரவை 25 கி.மீ. அளவில் உள்ளே கொடுத்தால், 2 கி.மீ. கட்டங்களில் வெப்பநிலை, காற்று, ரேடார் எதிரொலி ஆகியவை வெளியே வரும். பெரிய கட்டம் ஒன்றுக்குள் 150-க்கு மேல் சின்னக் கட்டங்கள். ரேடார் எதிரொலி உள்ளீட்டில் கிடையவே கிடையாது. மற்ற அளவுகளைப் பார்த்து மாடல் ஊகித்து வரைகிறது. வேலையை இரண்டாகப் பிரித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் சாதாரண ரிக்ரெஷன், அதாவது உள்ளீட்டை வைத்து ஒரே மதிப்பைக் கணிக்கும் முறை, ஒரு சராசரியைச் சொல்லிவிடுகிறது. அந்தச் சராசரியிலிருந்து விலகும் பகுதியை மட்டும் டிஃப்யூஷன் நிரப்புகிறது. உள்ளீடு சொன்னது எவ்வளவு, மாடல் இட்டு நிரப்பியது எவ்வளவு என்று தனித்தனியே எடுத்துப் பார்க்க முடிகிறது.

ஒரே உள்ளீட்டை வைத்துக்கொண்டு ரேண்டம் சீடை (தொடக்க இரைச்சலை முடிவு செய்யும் எண்ணை) மட்டும் மாற்றி நூறு முறை ஓட்டினால் நூறு வெவ்வேறு படம் வரும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் இந்த மாடலை வாங்குவதே இதற்காகத்தான். அந்த நூறும் சேர்ந்ததுதான் விடை; எது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று அவை காட்டுவதைத்தான் பரவல் என்கிறேன். கூகுள் டீப்மைண்டின் டிஃப்யூஷன் வானிலை மாடலான ஜென்காஸ்ட் இதைச் சரியாகப் பயன்படுத்துகிறது. 15 நாள் முன்கணிப்பு ஒன்றை கூகுளின் டிபியு என்ற ஏஐ சிப் ஒன்றில் ஏறக்குறைய 8 நிமிடத்தில் முடித்து, அப்படி 50-ஐயும் அதற்கு மேலும் ஓட்டி, எது எவ்வளவு நிகழக்கூடும் என்று சொல்கிறது. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை மையத்தின் குழுக் கணிப்போடு 1320 அளவுகோல்களில் ஒப்பிட்டதில், 97.2 விழுக்காட்டில் ஜென்காஸ்ட் முந்தியது. ஒற்றைப் படத்தை அழகாக வரைந்து அல்ல, பரவலைச் சரியாகக் கொடுத்து வாங்கிய பெயர் அது.

நம் கூட்டங்களில் நடப்பது வேறு. ஓர் ஆலோசனை நிறுவனத்தின் கூட்டத்தில், "ஐம்பது படத்தை எங்கே சார் காட்டுறது, ஸ்லைடுல ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு, நல்லா இருக்கறதா ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று கேட்டார்கள். ஒருத்தர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கே பலன் சொல்கிற கதைதான். அதிலும் "நல்லா இருக்கற" படத்தைப் பொறுக்குவது இன்னும் மோசம். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதற்கும் சரியாக இருப்பதற்கும் இங்கே தொடர்பு மிகக் குறைவு.

ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். கால்குலேட்டர் போதும், ஜிபியு வேண்டாம்.

தரவு என்பது படம் கூட வேண்டாம், ஒரே ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0, திட்ட விலக்கம் 1 கொண்ட இயல்நிலைப் பரவலிலிருந்து வரும் எண். இதற்கு நியூரல் நெட்வொர்க்கே தேவையில்லை. இரைச்சலோடு கலந்த எண்ணைக் கொடுத்தால், "1 கூட்டல் இரைச்சல் அளவின் வர்க்கம்" என்பதால் வகுத்தால் போதும், இரைச்சல் நீக்கிய மிகச் சிறந்த மதிப்பு கிடைத்துவிடும். அதாவது மாடல் நூறு சதவீதம் சரி. இனி தவறு வந்தால் அது தீர்க்கும் முறையின் தவறுதான்.

வெறும் இரைச்சலாக எடுத்த பல எண்களோடு, இரைச்சல் அளவு 80-இல் தொடங்கி 0 வரை இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும், கையில் உள்ள எண்ணுக்கும் இரைச்சல் நீக்கிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இரைச்சல் அளவால் வகுத்தால் சாய்வு கிடைக்கும்; அந்தச் சாய்வில் அடுத்த படிக்கு நகர வேண்டும். ஆய்லர் முறை இவ்வளவுதான். 80, 72, 64 என்று எட்டு எட்டாகப் பத்துச் சமப் படிகளில் இறங்கிப் பாருங்கள். ஒன்பது படி முடிந்து இரைச்சல் அளவு 8-க்கு வரும்போது எண்களின் திட்ட விலக்கம் 8.04. உண்மையில் இருக்க வேண்டியது 8.06. பிரமாதம் என்று தோன்றும். கடைசிப் படி, 8-லிருந்து 0-க்கு. முடிவில் திட்ட விலக்கம் 0.12. இருக்க வேண்டியது 1. பரவல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒன்பது படியில் சேராத பிழை முழுவதும் ஒரே படியில் வந்து விழுந்திருக்கிறது, ஏனென்றால் பாதை வளைவது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தான்.

2022-இல் டெரோ கராஸும் என்விடியா சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மேலே பெரிய படிகளாகவும் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பொடிப் படிகளாகவும் பிரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதே ஆய்லர், அதே பத்துப் படி, படிகளின் இடைவெளியை மட்டும் அப்படி மாற்றினால் விடை 0.75. பைசா கூடுதல் செலவில்லாமல் 0.12 எங்கே, 0.75 எங்கே! அதே படிகளில் ஹாய்னின் இரண்டாம் வரிசை முறையைப் போட்டால் 1.18 வருகிறது, அதாவது மறுபக்கம் தாண்டிவிடுகிறது; நெட்வொர்க்கையும் ஏறக்குறைய இரு மடங்கு அழைக்க வேண்டும். உயர் வரிசை முறை என்றாலே சரியாக வரும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்கலாம். படிகளைக் கூட்டினால் இரண்டு முறையும் 1-ஐ நெருங்கும். எத்தனை கூட்டினால் போதும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும், படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

0.75 என்பது 1-க்குப் பக்கத்தில்தானே, போகட்டும் என்று விட முடியுமா? சராசரிக்கு மேல் மூன்று திட்ட விலக்கம் தாண்டும் நிகழ்வு, உண்மையான பரவலில் ஏறத்தாழ 740-இல் ஒன்று. சுருங்கிப்போன பரவலில் அதே நிகழ்வு நான்கு திட்ட விலக்கத்துக்குப் போய்விடுகிறது. இப்போது அது 31,000-க்கு மேற்பட்டவற்றில் ஒன்று. நடுப்பகுதியில் கால் பங்கு பிழை, ஓரத்தில் நாற்பது மடங்குக்கு மேல். நமக்கு வேலை இருப்பதோ ஓரத்தில்.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. பக்கத்திலேயே இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. ஈஆர்ஏ5 கட்டம் ஒன்றின் அகலத்துக்குள் அடங்கிவிடும் தூரத்தில் 26 செ.மீ. வித்தியாசம். பெரிய கட்டத்தின் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன ஊரில் இவ்வளவு என்று எந்த மாடலும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இப்படியும் நடக்கலாம் என்று பரவலின் ஓரத்தில் ஓரிரு படங்களில் காட்டலாம், அவ்வளவுதான். செலவை மிச்சம் பிடிக்கப் படிகளைக் குறைத்து அந்த ஓரத்தையும் நறுக்கிவிட்டால், மிஞ்சுவது எப்போதும் பெய்கிற மழை. பயிற்சித் தரவில் அப்படி ஒரு நாளே இல்லாமல் போவது இன்னொரு சிக்கல். அதை எந்தச் சால்வரும் (சமன்பாட்டைத் தீர்க்கும் முறையும்) சரிசெய்யாது.

பரவலைக் கெடுக்கும் இன்னொரு வழி, படம் வரையும் உலகத்திலிருந்து வரும் பழக்கம். கைடன்ஸ் என்று ஒரு திருகு இருக்கிறது. அதைக் கூட்டினால், கொடுத்த நிபந்தனைக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும் படங்கள் வரும்; பதிலுக்கு வகை குறையும். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் 7.5 என்று வைத்துப் பழகியவர்கள் அறிவியல் தரவுக்கும் அதைக் கையோடு கொண்டுவருகிறார்கள். போஸ்டர் வரைய அது நல்ல ஏற்பாடு. நிகழ்தகவு கேட்கிற இடத்தில் அது வேண்டுமென்றே பரவலைச் சுருக்கும் செயல். மழைத் தரவில் 7.5-ஐப் பார்த்தால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

சரிபார்ப்பு பெரிய வித்தை இல்லை. சின்னக் கட்டங்களின் மழையைச் சராசரி எடுத்தால், தொடங்கிய பெரிய கட்டத்தின் மழை திரும்ப வருகிறதா? எங்காவது மழை எதிர்மறை எண்ணாக இருக்கிறதா? (இருக்கும், பாருங்கள்.) கருவி வேலை செய்யாத நேரத்துக்கு இட்ட -9999 பயிற்சிக்குள் நுழைந்திருக்கிறதா? பெரிய அலை முதல் சின்ன அலை வரை காற்றின் ஆற்றல் எப்படிப் பிரிகிறது என்ற கோட்டை வரைந்தால், உண்மைத் தரவின் கோட்டோடு ஒட்டிப்போகிறதா, பொடி அளவுகளில் தொய்ந்துவிடுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, கடந்த கால நாட்களை எடுத்து, உண்மையில் பெய்த அளவு ஐம்பது படங்களின் வரிசையில் எத்தனையாவது இடத்தில் விழுகிறது என்று எண்ணுங்கள். சரியான பரவலாக இருந்தால் எல்லா இடங்களிலும் ஏறக்குறைய சமமாக விழும். சுருங்கிய பரவலாக இருந்தால் முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் போய்க் குவியும், நடுவில் பள்ளம் விழும். வானிலைக்காரர்களுக்கு இது பழைய பாடம். புதிதாக இந்தத் துறைக்குள் வரும் மென்பொருள் தம்பிகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மழையோடு நிற்கிற விஷயம் இல்லை இது. 2024-இல் வெளிவந்த, புரதங்களின் உருவத்தைக் கணிக்கும் மாடலான ஆல்ஃபாஃபோல்டு 3, புரத அணுக்களின் இருப்பிடங்களை டிஃப்யூஷன் கொண்டுதான் கொடுக்கிறது. நிலையான உருவமே இல்லாமல் துவளும் பகுதிகளுக்குக்கூட அது நம்பும்படியான உருவம் ஒன்றை வரைந்துவிடும் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைக் குறைக்க, பழைய ஆல்ஃபாஃபோல்டு-மல்டிமர் அத்தகைய பகுதிகளைச் கச்சிதமாக மடிக்காமல் நீளமாக நீட்டிக் காட்டிய முடிவுகளைப் பயிற்சியில் சேர்த்தார்கள். மூலக்கூறுகளின் இடக்கை, வலக்கை அமைப்பு ஒரு சோதனைத் தொகுப்பில் 4.4 விழுக்காடு தவறியதையும் அதே கட்டுரையில் வைத்திருக்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்களை நம்பலாம். குறையே எழுதாத அறிக்கையைப் பார்த்தால்தான் எனக்கு உறுத்தும்.

என்னிடம் வரும் அறிக்கைகளில் நான் தேடுவது சில வரிகள்: எத்தனை படங்கள் எடுத்தார்கள், எந்தச் சால்வர், எத்தனை படி, படிகளை இரட்டிப்பாக்கியபோது பரவல் எவ்வளவு மாறியது, கைடன்ஸ் உண்டா, எந்த ஆண்டுத் தரவில் பயிற்சி, எந்த ஆண்டில் சோதனை. இதில் படிகளை இரட்டிப்பாக்கிய சோதனை இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டாம் முறை வரும்போது பெரும்பாலும் படம் கொஞ்சம் அசிங்கமாகவும் அட்டவணை நீளமாகவும் இருக்கும்.